கை முந்தும்வரை

பிள்ளைகளே, இதை இப்போதே வாசிக்க வேண்டும் என்றில்லை. மூத்தவன் வாசித்துவிடுவான். சின்னவள் இன்னும் எழுத்துக் கூட்டுகிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டொக்டர் சொன்ன விசயங்களை எனக்கு விளங்கியபடிதான் எழுதுவேன். பிழை கிடந்தால் படித்துப் பெரியாட்களான பிறகு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

சாவகச்சேரியில் நாங்கள் ஒதுங்கியிருக்கும் இந்தப் பள்ளிக்கூட விறாந்தையில், பக்கத்துப் பாயில் இருக்கும் மனுசியிடம் சின்னவள் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் நித்திரை என்று நினைத்திருப்பாள்.

"எல்லாற்றை அப்பாமாரும் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வந்தவை. எங்கடை அப்பா மட்டும் என்னைத் தூக்கேல்லை. அம்மாதான் தூக்கினவ. அப்பா சும்மா கையை வீசிக்கொண்டு வந்தவர்."

அந்த மனுசி என் பக்கம் திரும்பி என் கைகளைப் பார்த்தது எனக்குத் தெரியும். தோணி இழுத்த கை. ஒரு பிள்ளையைத் தூக்கமாட்டாத கை என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

சின்னவளே, நீ சொன்னது உண்மை. வலிகாமம் முழுவதும் ஊரை விட்டு எழும்பி மழைக்குள் பாலம் தாண்டி வந்த அன்று, நீ அழுதழுது கேட்டும் நான் உன்னைத் தூக்கவில்லை. ஆனால் கையை வீசிக்கொண்டு வரவில்லை. கையை வெறுமையாக வைத்துக்கொண்டு வந்தேன். அது ஏன் என்று சொல்லத்தான் இந்த எழுத்து.

மூத்தவனே, உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புத்தூரில் இருந்த காலத்தில் "அப்பாவைத் தள்ளுற விளையாட்டு" என்று ஒன்று விளையாடினோமே, நீ சிரித்துச் சிரித்து ஓடி வருவாயே, அது விளையாட்டு இல்லை.

மயிலிட்டியில் எங்கள் வீடு கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. எண்பத்துமூன்றுக்குப் பிறகு வருசத்துக்கு வருசம் கடல் எங்களுக்குக் குறுகிக்கொண்டே வந்தது. இரவில் போகாதே என்றார்கள் நேவிக்காரர். பிறகு தூரப் போகாதே என்றார்கள். வெயில் ஏறிய பிறகு இறங்கி, கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வலையை விட்டுவிட்டு, பயந்து பயந்து திரும்பி வருவோம். தொண்ணூறில், இந்திய ஆமி கப்பலேறிப் போன பிறகு, கொஞ்ச மாதம் சண்டை இல்லாமல் இருந்தது. இரவுத் தொழிலுக்கு விட்டார்கள். கரை முழுக்கக் கல்யாண வீடு போல இருந்தது.

ஆனால் எங்கள் கால்கள் கடலை மறந்துபோயிருந்தன. இரவு முழுக்கக் கடலில் நின்றுவிட்டு விடியக் கரையில் குதித்தால் நிலம் ஆடும். நிலம் ஆடுவதில்லை, எங்களுக்குத்தான் அப்படி. பழக்கமுள்ளவனுக்கு அது கொஞ்ச நேரத்தில் போய்விடும். எங்களுக்குப் போகவில்லை. நரைத்த மீசைக்காரர்கள்கூடக் கள்ளுக் குடித்தவர்கள் போல ஆடிக்கொண்டு நடந்தார்கள். அதற்கு எங்கள் கரையில் ஒரு கைவைத்தியம் இருந்தது. அலை வந்து போகும் ஈர மணலில் காலைக் கணுக்கால் மூடப் புதைத்துக்கொண்டு, ஊர்ப் பக்கம் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். மணல் இறுகப் பிடித்துக்கொள்ள, காலுக்குள் இருக்கும் கடல் இறங்கிப் போகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அந்த நாட்களில் விடிய நீங்கள் கரைக்கு வந்திருந்தால், நட்டுவைத்த தென்னம்பிள்ளை மாதிரி வரிசையாக ஆம்பிளைகள் நின்று பகிடி விட்டுக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள்.

நானும் உங்கள் மாமாவும், அதுதான் அம்மாவின் அண்ணை, ஒரே போட்டில் தொழில். ஒருநாள் விடியற்புறம் நல்ல மீனோடு திரும்பி வருகிறோம். கரைக்குக் கிட்ட, தண்ணிக்குள் பார்க்கல் மறைந்து கிடக்கும் இடத்தில் ஒரு அலை போட்டைத் தூக்கிப் போட்டது. அடிப்பக்கம் கல்லில் உரசியது. போட்டின் முன்பக்கம், அணியத்தில் நின்ற நான் மல்லாக்க விழுந்தேன். பின்மண்டை குறுக்குப் பலகையின் விளிம்பில் அடித்தது. இரத்தம் கொஞ்சந்தான். மாமா சாரத் தலைப்பால் துடைத்துவிட்டு, மீன் பழுதாகிவிடும் என்று மிசினை முறுக்கினார். நானும் அதைத்தான் சொன்னேன்.

கரையில் குதித்ததும் நிலம் ஆடியது. ஆடும்தானே என்று இருந்தேன். மாமா என்னைப் பிடித்துக்கொண்டு போய் ஈர மணலில் நிறுத்தி, தானே குனிந்து மணலை அள்ளிக் காலை மூடினார்.

"கடல் உன்ரை காலுக்குள்ளை பூந்திட்டுது மச்சான். ஆறுதலா வெளியிலை விடு."

"சுத்துது மச்சான்."

"சுத்தும். இவ்வளவு வருசமாய் வாய்க்காலிலை கால் கழுவின மாதிரித்தானே தொழில் செய்தனாங்கள். இப்ப நாலு பேருக்கு முன்னாலை ஆடத்தான் வேணும்."

எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் காலை உருவிக்கொண்டு மீன் தெரிந்து பிரிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். வெயில் ஏறியது. மணல் காலைப் பிடித்திருந்தபடியால் நான் விழவில்லை. அதுதான் எல்லாரையும் ஏமாற்றியது. மணல் இல்லாவிட்டால் அப்போதே விழுந்திருப்பேன், அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருப்பார்கள். பிறகு நின்ற நிலையிலேயே, வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தேன்.

"உவன் கடலுக்குப் போறவனோ, கச்சேரியிலை பேனை பிடிக்கிற கிளாக்கரோ?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழும்பியது. நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாகத்தான் போனது.

உங்கள் அம்மா சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தேத்தண்ணியோடு வந்தாள். சின்னவள் அப்போது தலை நிமிர்த்தப் பழகின காலம். அம்மா பேணியை நீட்டினாள். நான் கையை நீட்டினேன். என் கை பேணியைத் தாண்டிப் போய் அவளுடைய மணிக்கட்டில் அடித்தது. தேத்தண்ணி முழுக்க மணலில் கொட்டுப்பட்டது.

அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

"கண் தெரியுது. கைதான் எங்கை நிக்குதெண்டு தெரியேல்லை."

அவள் தன் அண்ணைப் பக்கம் திரும்பி, "காலைக் கிண்டி எடு. இது கடலாட்டம் இல்லை" என்றாள்.

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் கனநாள் கிடந்தேன். பின்மண்டைக்குள் சிறுமூளை என்று ஒன்று இருக்கிறதாம். அங்கே அடிபட்டு இரத்தம் கசிந்து வீங்கியிருக்கிறது என்றார் டொக்டர். இளம் ஆள். கட்டிலின் ஓரத்தில் இருந்து ஆறுதலாக விளங்கப்படுத்தினார். தேத்தண்ணியை எடு என்று கட்டளை போடுவது பெரிய மூளை. கை எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும், கை போகும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்துகொடுக்க வேண்டும் என்று பார்ப்பது சிறுமூளை. நாங்கள் யோசிக்காமலே செய்கிற காரியங்கள் எல்லாம் அதன் பொறுப்பு.

"ஒராள் தடக்கி விழேக்கை, கையை நீட்டுவம் எண்டு யோசிக்கிறேல்லை. கை தானாய் முன்னுக்கு வரும். உங்களுக்கு அது பிந்தித்தான் வருது."

"பிந்தி எண்டால் எவ்வளவு?" என்று நான் கேட்டேன். என் நாக்கும் பிந்தித்தான் வந்தது. குடிகாரன் கதைப்பது மாதிரி இருக்கும்.

"நீங்கள் நிலத்திலை விழுந்த பிறகு கை வரும்."

"அப்ப வந்தென்ன, வராட்டி என்ன," என்றார் மாமா. டொக்டரும் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

வீக்கம் வற்றிவிடும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் கொழும்புக்குப் போய்த் தலையைப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது என்றார். வெளிநாடுகளில் பின்மண்டைக்கு மெல்லிய கரண்ட் கொடுத்துச் சிறுமூளையைத் தூண்டிப் பார்க்கிறார்களாம். அது இன்னும் பரிசோதனைதானாம், இங்கே நினைக்கவும் முடியாதாம். உடம்புக்குத் திரும்பத் திரும்பப் பழக்குவதுதான் எங்களிடம் உள்ள மருந்து என்றார். அவர் சொன்ன அவ்வளவற்றிலும் மாமாவின் காதில் ஏறியது கரண்ட் என்ற ஒரு சொல்தான்.

பஸ்ஸில் நிமிர்ந்து இருக்கக்கூடியதாக வந்ததும் கொழும்புக்குப் போவது என்று முடிவு செய்தோம். நான் நிமிர்ந்து இருக்கத் தொடங்கிய நேரம் ஆனி மாதம். திரும்பவும் சண்டை தொடங்கியது. பாதை பூட்டுப்பட்டது. கரண்ட் நின்றது. பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஷெல் வர, மயிலிட்டி முழுதும் எழும்பியது. என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் வலைக் கயிற்றால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மாமா உருட்டினார். நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு முன்னுக்குப் போனீர்கள். எங்கள் போட் கரையில் கிடந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பினால் எனக்கு உலகம் முழுக்கச் சுற்றும்.

புத்தூரில் ஒரு கமக்காரர் தன் புகையிலைக் கொட்டிலை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். நல்ல மனிதர். முதல் நாட்களில் கிணற்றில் எங்களை அள்ள விடவில்லை. தாங்களே அள்ளி எங்கள் வாளியில் ஊற்றினார்கள். அது எதனால் என்று எங்களுக்கு விளங்கியது, அவர்களுக்கும் விளங்கியது. பிறகு குண்டு போடும் பொம்மர் வரத் தொடங்க, நிலத்துக்குள் வெட்டிய ஒரே பங்கருக்குள் எல்லாரும் ஒருவர் மடியில் ஒருவர் இருந்தோம். அதன் பிறகு அம்மா கிணற்றில் அள்ளினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழும்பி நடக்கத் தொடங்கினேன். நடை என்று சொல்ல முடியாது. காலை அகட்டி அகட்டி, சுவரைத் தொட்டுத் தொட்டு. ஒவ்வொரு நாளும் விழுவேன். மரம் விழுவது மாதிரி முழு உடம்பாக விழுவேன். நாடி வெடிக்கும். சொண்டு கிழியும். நெற்றியில் மண் அப்பியிருக்கும். அம்மா ஓடி வந்து தூக்கியதும் முதலில் பார்ப்பது என் முகத்தை இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்ப்பாள். அவற்றில் ஒரு சிராய்ப்பும் இருக்காது. பச்சைப்பிள்ளையின் கை மாதிரிச் சுத்தமாக இருக்கும்.

"இண்டைக்கும் கை வரேல்லை," என்பாள்.

அவள் ஒரு கட்டளை போட்டிருந்தாள். "முதல் உங்கடை கை வரட்டும். கையிலை காயம் வாற அண்டைக்குப் பிள்ளையைத் தூக்குங்கோ. அதுக்கு முதல் வேண்டாம்." அவள் சொன்னது சரி. நான் உன்னோடு விழுந்தால், சின்னவளே, நான் விழுவது உனக்கு மேலேதான். உன்னை ஏணையில் ஆட்டுவேன். பாயில் இருந்துகொண்டு மடியில் வைத்திருப்பேன். நின்றுகொண்டு தூக்கியதில்லை. பொம்மர் வரும்போதெல்லாம் அம்மா உன்னை ஒரு பக்கமும் அண்ணனை ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட்டு, திரும்ப மேலே வந்து என்னை இறக்குவாள். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு முறை அதிகமாக மேலே வருவாள். ஒருநாள் அவள் மேலே வரும் அந்த நேரத்தில்தான் குண்டைப் போடுவான் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்துகொண்டேயிருந்தது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அது இருந்தது. அவளும் சொல்லவில்லை.

மாமா இதற்கிடையில் கரண்டை மறக்கவில்லை. சாவகச்சேரியில் றேடியோ திருத்தும் ஒருவரைப் பிடித்துக் கொண்டு வந்தார். அவரிடம் ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது. நரம்புக்குக் கரண்ட் பிடிக்கிற பெட்டியாம். அந்த நாட்களில் பற்றறி கிடையாது. ஊரெல்லாம் சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டது. அதே வேலையைத்தான் மாமாவும் செய்தார். சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு ஏறி இருந்து மிதித்தார். டைனமோவின் வயர் பெட்டிக்குள் போனது. பெட்டியிலிருந்து வந்த இரண்டு வயர்களையும் ஈரத் துணியில் சுற்றி, அந்த மனிதர் என் இரண்டு காதுகளுக்கும் பின்னால் வைத்துக் கட்டினார்.

"மிதியுங்கோ. ஒரே சீராய் மிதிக்க வேணும்."

"என்ரை மச்சானை வறுத்துப்போடாதேங்கோ," என்று சொல்லிக்கொண்டு மாமா மிதித்தார்.

முதலில் எறும்பு கடிப்பது மாதிரி இருந்தது. பிறகு நிலம் மெல்ல இடப்பக்கம் சரிந்தது. பிறகு நிமிர்ந்தது. திரும்பச் சரிந்தது. மாமா மிதிக்கும் வேகத்துக்கு நிலம் எழும்பி எழும்பி விழுந்தது. அது கடல். அச்சொட்டாகக் கடல். அணியத்தில் நிற்பது போல என் உடம்பு சாய்ந்து சாய்ந்து கொடுத்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. மாமா அதைக் கண்டுவிட்டு, "வேலை செய்யுது, வேலை செய்யுது" என்று இன்னும் வேகமாக மிதித்தார்.

வயரைக் கழற்றியதும் நான் எழும்பினேன். மற்றப் பக்கமாகப் போய் வாசல் கட்டையில் நாடி அடிபட விழுந்தேன். அம்மா என் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சைக்கிளின் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டாள். மாமா சைக்கிளோடு சரிந்தார். விழும்போது அவருடைய இரண்டு கையும் முன்னுக்கு வந்தன. நான், அம்மா, பெட்டிக்காரர் மூன்று பேரும் அவருடைய கைகளைப் பார்த்தோம்.

"பாருங்கோ," என்றாள் அம்மா. "உதுதான் வேணும். கரண்டும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உடற்பயிற்சி தருகிற மிஸ்ஸியிடம் அம்மா இதைச் சொல்லிவிட்டாள். மிஸ்ஸி மாமாவை நன்றாக ஏசினா. "அண்ணை, மூளை றேடியோ இல்லை, டைனமோவிலை பாட." பிறகு என்னை எழும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அம்மாவோடு கதைத்துக்கொண்டே எனக்குப் பின்னால் போய் எதிர்பாராமல் தோளில் ஒரு தள்ளுத் தள்ளினா. நான் விழுந்தேன். பாய் விரித்திருந்தது.

"இப்பிடித்தான் செய்யவேணும். ஒவ்வொரு நாளும், பாயிலை, அவர் நினைச்சிராத நேரத்திலை. தள்ளப்போறம் எண்டு தெரிஞ்சால் அவர் யோசிச்சுப்போடுவார். யோசிச்சால் பெரிய மூளை. எங்களுக்கு எழுப்ப வேண்டியது மற்றது. நித்திரையிலை கிடக்கிற ஆளைத் தட்டித் தட்டி எழுப்பிறமாதிரி. எழும்புமோ எண்டு நான் வாக்குத் தரமாட்டன்."

வீட்டுக்கு வந்து அம்மா தள்ளிப் பார்த்தாள். அவள் வருவது எனக்குக் காப்புச் சத்தத்தில் தெரிந்துவிடும். மாமா தள்ளினால் முதலே சிரித்துவிடுவார். மூத்தவனே, அப்போதுதான் உன்னைப் பிடித்தோம். நீ எங்கிருந்து வருவாய் என்று கடவுளுக்கும் தெரியாது. கொட்டிலைச் சுற்றி வைக்கோலும் பாயும் போட்டுவிட்டு, "அப்பாவைத் தள்ளி விழுத்தினால் ஒரு துண்டு பனங்கட்டி" என்று அம்மா சொன்னாள். நீ எத்தனை துண்டு தின்றாய் என்று உன் பல்லைக் கேள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், நீ புகையிலைத் தடிக்குப் பின்னாலிருந்து பாய்வாய். நான் தடாரென்று விழுவேன். நீ கைதட்டிச் சிரிப்பாய். அம்மா வந்து என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உனக்குப் பனங்கட்டி தருவாள். அவளுடைய முகத்தை நீ பார்த்திருக்கமாட்டாய். பார்க்காததே நல்லது.

மாதங்கள் போயின. கால் கொஞ்சம் திருந்தியது. பகலில், கண் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், சுவர் இல்லாமல் சில அடி நடப்பேன். சிறுமூளை செய்யாத வேலையைக் கண் செய்தது. இருட்டினால் எனக்கு நிலம் இல்லை. நாக்கும் கொஞ்சம் திருந்தியது. கைதான் வரவில்லை. அம்மா பார்ப்பதை நிறுத்தவில்லை, ஆனால் "இண்டைக்கும் வரேல்லை" என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அன்று காலை அம்மா மூத்தவனையும் கூட்டிக்கொண்டு சங்கக்கடை வரிசைக்குப் போயிருந்தாள். மாமாவும் ஊரில் இல்லை. சின்னவள் ஏணையில் நித்திரை. ஏதும் என்றால் கமக்காரரின் மனுசி ஓடிவந்து பிள்ளையைத் தூக்குவதாகச் சொல்லியிருந்தா. அவ வெங்காயத் தோட்டத்தின் அந்தக் கடைசித் தொங்கலில் நின்றா.

முதலில் காகங்கள் எழும்பின. பிறகு சத்தம் கேட்டது. பொம்மர் உடனே போடுவதில்லை. வட்டம் போடும். ஒரு வட்டத்துக்கு ஒரு வட்டம் கீழே வரும். நான் கமக்காரரின் மனுசியைக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாசலால் பார்த்தால், அவ வரம்போடு குப்புறப் படுத்துக் கிடந்தா. வர முடியாது. வந்தால் மேலே இருப்பவனுக்குத் தெரியும்.

நீ முழித்துவிட்டாய், சின்னவளே. அழவில்லை. ஏணைச் சீலைக்குள்ளால் என்னைப் பார்த்தாய்.

இருந்து தூக்குவதா, நின்று தூக்குவதா என்று யோசிக்க நேரமில்லை. வலக்கையால் உன்னை அள்ளி மார்போடு சேர்த்தேன். இடக்கையால் சுவரைப் பிடித்தேன். வாசல் வரைக்கும் சுவர் இருந்தது. வாசலுக்கு அங்கால் முற்றம். முற்றத்துக்கு அங்கால் பங்கர். நடுவில் பிடிக்க ஒன்றும் இல்லை. நிலத்தைப் பார்த்தேன். நிலத்தைப் பார்க்க வேண்டும், மேலே பார்க்கக்கூடாது, அதுமட்டுந்தான் எனக்குத் தெரியும். ஆனால் சத்தம் தலைக்கு நேர் மேலே வந்தபோது நான் மேலே பார்த்துவிட்டேன். நிலம் போய்விட்டது.

எங்கோ கிட்டடியில் விழுந்து வெடித்தது. காற்று முதுகில் அடித்தது. மிஸ்ஸி தள்ளியது மாதிரி, மூத்தவன் தள்ளியது மாதிரி, நான் நினைத்திராத பக்கத்திலிருந்து. நான் விழுந்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, புழுதி, அதற்குள் நீ அழும் சத்தம், நீ எனக்குக் கீழே இல்லை, என் நெஞ்சுக்கு மேலே இருக்கிறாய் என்பது. எப்படி உருண்டேன் என்று தெரியாது. நான் செய்யவில்லை. இருந்தபடியே அரைந்து அரைந்து உன்னோடு பங்கருக்குள் சறுக்கி இறங்கினேன்.

சத்தம் போன பிறகு அம்மா ஓடி வந்தாள். மூத்தவனை ஒரு கையில் இழுத்துக்கொண்டு, சீனிப் பையை எங்கேயோ போட்டுவிட்டு. பங்கர் வாயில் நின்று உள்ளே பார்த்தாள். சின்னவளை வாங்கினாள். தலை, கழுத்து, கை, கால், விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள்.

"நீங்களோ தூக்கினீங்கள்?"

"ஓம்."

"நிண்டுகொண்டோ?"

"ஓம்."

"விழுந்தீங்களோ?"

"ஓம்."

அவள் என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நாடியில் ஒன்றும் இல்லை. நெற்றியில் ஒன்றும் இல்லை. பிறகு என் இடக்கையைத் திருப்பினாள். உள்ளங்கையில் தோல் இல்லை. பெருவிரல் மேட்டிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் உரிந்து, குறுணிக்கல் ஏறி, இரத்தமும் செம்மண்ணும் ஒன்றாகக் கிடந்தன. அதுவரை எனக்கு நோகவில்லை. அவள் பார்த்த பிறகுதான் நோகத் தொடங்கியது.

"மற்றக் கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். அது சுத்தமாக இருந்தது. அது உன்னைப் பிடித்திருந்த கை.

அம்மா கல்லை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள்.   எல்லாம் எடுத்து முடித்த பிறகு, "நாளைக்கும் தள்ளத்தான் வேணும். நிப்பாட்டக்கூடாது" என்று சொன்னாள். பிறகு சின்னவளை என் மடியில் வைத்துவிட்டு, சீனியைத் தேடிப் போனாள்.

சின்னவளே, நான் உன்னை நின்றுகொண்டு தூக்கியது அன்றுதான். ஒரு கை சும்மா இருந்தபடியால்தான் நீ இருக்கிறாய். பாலத்தில் அன்று வெறும் இருட்டு, கீழே சேறு, பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். இருட்டில் எனக்கு ஒரு கை போதாது. அதனால்தான் இரண்டு கையையும் வெறுமையாக வைத்துக்கொண்டு, உங்கள் அம்மாவுக்கு ஒட்டிப் பின்னால் நடந்தேன். அம்மா சறுக்கினால் பிடிக்க ஒருவன் வேண்டும், அவளுடைய கையில் நீ இருந்தாய்.

குண்டு விழுந்த அன்று பின்னேரம் எல்லாரும் அது விழுந்த இடத்தைப் பார்க்கப் போனார்கள். அங்கே பார்த்ததைப் பற்றி யாரும் திரும்பி வந்து கதைக்கவில்லை. நான் போகவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் வெங்காயம் கிண்டி எடுத்த தறை ஒன்று இருந்தது. மண் பொலபொலவென்று கிடந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போனேன். தறையின் நடுவுக்குப் போய் நின்று கண்ணை மூடினேன். நிலம் மெல்லச் சரியத் தொடங்கியது. சரியட்டும் என்று விட்டேன்.

இரண்டு கையும் வந்தன. புண்பட்ட கை செம்மண்ணுக்குள் புதைந்து எரிந்தது. எழும்பிச் சாரத்தைத் தட்டினேன். யாரும் பார்க்கிறார்களா என்று வீட்டுப் பக்கம் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை விழுந்தேன்.